லேண்டிங் பேஜை எதில் கட்டுவது, எங்கே வைப்பது

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது பிறர் பொருளைப் பரிந்துரைத்து விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் தொழிலில், இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த பேஜ் பில்டர் நல்லது?" என்றுதான். விளம்பரத்திலோ லிங்க்கிலோ கிளிக் செய்தவர் முதலில் வந்து இறங்கும் பக்கம்தான் லேண்டிங் பேஜ், அதைக் கட்டித் தரும் கருவி பேஜ் பில்டர். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், கேட்டவருக்கும் அப்போதைக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். உங்கள் பக்கத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள்? நாளைக்கே அந்த பில்டரை விட்டு வெளியேற வேண்டி வந்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எதில் கட்டுவது, எங்கே வைப்பது என்பதெல்லாம் அநேகமாகத் தானாகவே முடிவாகிவிடும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கூகுளில் எதையோ தேடி வருபவர் படிக்க வருகிறார். இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், குறை என்ன என்று தெரிய வேண்டும், வாங்கியவர்கள் எங்கே சிரமப்பட்டார்கள் என்று தெரிய வேண்டும். இவருக்கு ஒரே ஒரு பக்கம் போதாது. ஒன்றோடொன்று தொடர்புள்ள பல பக்கங்கள் வேண்டும், அவற்றை வருடக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு வேர்ட்பிரஸ் இயல்பான தேர்வு. 2003ல் வந்தது, இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, எந்தச் சிக்கல் வந்தாலும் உங்களுக்கு முன்பே யாரோ மாட்டிக்கொண்டு தீர்வையும் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் வேர்ட்பிரஸ் போட்டுவிட்டால் கூகுள் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். கூகுளின் ஸ்பேம் விதிகளில் அஃபிலியேட் பக்கங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. விற்பவர் எழுதிய விளக்கத்தையும் படத்தையும் அப்படியே ஒட்டி, கீழே ஒரு லிங்க் வைத்த பக்கத்தை அவர்கள் வெறும் சக்கை என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அது நியாயம்தான் என்று நானும் நினைக்கிறேன். படிப்பவருக்கு அந்தப் பக்கத்தால் எந்தப் பயனும் இல்லை.

காசு கொடுத்து விளம்பரம் போட்டு ஆட்களை அழைத்து வருவது முற்றிலும் வேறு ஆட்டம். இங்கே ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போகிறது, அதனால் வந்தவர் பக்கம் திறப்பதற்குள் திரும்பிப் போனால் அது நேரடி நஷ்டம். அதோடு விளம்பர நிறுவனத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். கூகுள் விளம்பரத்தில் காட்டும் டொமைனும் (தளத்தின் பெயர் முகவரி) கிளிக் செய்தவர் போய்ச் சேரும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொரு தளத்துக்கு ஆட்களைத் தள்ளிவிடுவதற்காக மட்டுமே இருக்கும் பக்கத்தை ஏற்க மாட்டார்கள். விற்பவரின் பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி நகலெடுத்து வைப்பதும் கூடாது. பேக் பட்டனை வேலை செய்யவிடாமல் முடக்கும் பக்கங்களும் தடைதான், இன்னும் சில "ஹை கன்வெர்ட்டிங்" டெம்ப்ளேட்டுகளில் இந்தக் குறும்பு ஒளிந்திருக்கிறது, வாங்கும் முன் ஒருமுறை திறந்து பேக் பட்டனை அழுத்திப் பாருங்கள். விளம்பரத்தின் ஒவ்வொரு கீவேர்டுக்கும் கூகுள் கொடுக்கும் 1 முதல் 10 வரையிலான தர மதிப்பெண்ணுக்குள்ளேயே லேண்டிங் பேஜ் அனுபவம் என்பது ஒரு கூறு. பக்கம் மட்டமாக இருந்தால் அதே கிளிக்குக்கு நீங்கள் அதிகம் கொடுக்க நேரும்.

ஆக, விளம்பரத்துக்கான பக்கத்தில் சொந்தச் சரக்கு இருக்க வேண்டும், அது வேகமாகவும் திறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது ஸ்டாட்டிக் எச்டிஎம்எல் பக்கம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நல்ல லேண்டிங் பேஜில் என்ன இருக்கிறது? ஒரு தலைப்பு, நாலைந்து பத்திகள், ஒன்றிரண்டு படங்கள், ஒரு பட்டன், கீழே தொடர்பு விவரமும் தனியுரிமைக் கொள்கையும். இதில் டேட்டாபேஸில் இருந்து எடுத்துத் தர வேண்டியது எதுவும் இல்லை. வேர்ட்பிரஸில் வைத்தால் கேஷ் (முன்பே தயாரித்துச் சேமித்த நகல்) இல்லாத நிலையில் ஒவ்வொருவர் வரும்போதும் பிஎச்பி ஓட வேண்டும், மைசீக்குவல் டேட்டாபேஸைக் கேட்க வேண்டும், தீமும் பிளகின்களும் தத்தம் வேலையைச் செய்ய வேண்டும், கடைசியில் வெளியே வருவது நேற்று வந்த அதே எச்டிஎம்எல். ஸ்டாட்டிக் பக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு கோப்பு. சிடிஎன்னில் (பல ஊர்களில் பரவியிருக்கும் சர்வர் வலை) ஏற்றிவிட்டால் பார்ப்பவருக்கு அருகில் இருக்கும் சர்வரில் இருந்து அப்படியே போய்விடும். அப்டேட் செய்ய மறந்துபோன பிளகின் வழியாக யாரும் உள்ளே நுழைய முடியாது, ஏனென்றால் பிளகினே கிடையாது. ஒரே நாளில் திடீரென்று கூட்டம் வந்தாலும் படுத்துவிடாது. முக்கியமாக, அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது. இன்று இங்கே வைத்திருப்பதை நாளை வேறு இடத்தில் வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"எனக்கு எச்டிஎம்எல் தெரியாதே" என்று சொல்வீர்கள். ஒரு லேண்டிங் பேஜுக்குத் தேவையான எச்டிஎம்எல் மிகக் கொஞ்சம். இலவசமாகக் கிடைக்கும் எளிய டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, தலைப்பை மாற்றி, பத்திகளை மாற்றி, படத்தை மாற்றி, பட்டனின் முகவரியை மாற்றிப் பழகினாலே வந்துவிடும். இப்போது ஏஐ கருவிகளிடம் கேட்டாலும் எழுதிக் கொடுக்கின்றன. எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றிவிடாமல், அதில் வெளியிலிருந்து எத்தனை ஸ்கிரிப்ட், எத்தனை ஃபான்ட், எத்தனை ஐகான் கோப்பு இழுக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒரு பட்டனில் சின்ன அம்புக்குறி காட்டுவதற்காக முழு ஐகான் தொகுப்பையே இழுத்து வைத்திருக்கும். அதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடும்.

சரி, பில்டர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அன்பவுன்ஸ், லீட்பேஜஸ், இன்ஸ்டாபேஜ், கிளிக்ஃபனல்ஸ் போன்றவை வெறும் பக்கம் கட்டும் கருவிகள் இல்லை. சேவைக்குச் சேவை மாறினாலும், ஃபார்ம், பேமெண்ட், மின்னஞ்சல் தொடர், ஏ/பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை ஓடவிட்டு ஒப்பிடுவது) என்று பல வேலைகளை ஒரே இடத்தில் கோத்துத் தருகின்றன. உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரம் இருக்கிறது, வாரத்துக்குப் பல பக்கங்களை மாற்றிப் பார்க்கும் குழு இருக்கிறது என்றால் மாதச் சந்தா ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக எடுங்கள். ஒற்றைப் பக்கம் மட்டும் வேண்டும், கோடிங் பக்கமே போக மாட்டேன் என்பவர்களுக்குக் கார்ட் (Carrd) மாதிரியான சிறிய சேவைகள் போதும். இன்னும் ஒரு பைசாகூட கமிஷன் பார்க்காதவர் மாதச் சந்தா கட்டத் தொடங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சந்தா ஒவ்வொரு மாதமும் கழுத்தைப் பிடிக்கும், அவசரப்படுத்தும், அவசரத்தில் மட்டமான பொருளைக்கூட விற்கத் தோன்றும்.

சந்தாவைவிடப் பெரிய பிரச்சினை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. பல பில்டர்களில் நீங்கள் கட்டிய பக்கத்தைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி கிடையாது. இறக்கினாலும் அவர்களுடைய ஸ்கிரிப்ட் இல்லாமல் அது ஒழுங்காக நிற்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பில்டர் கணக்கு பரிசீலனை என்ற பெயரில் முடக்கப்பட்டது. பக்கம் போய்விட்டது, அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம், ஆனால் அவர் பக்கத்தை அந்த நிறுவனம் கொடுத்த இலவச சப்டொமைனிலேயே வைத்திருந்தார். மற்ற தளங்களில், வீடியோக்களின் கீழே, மின்னஞ்சல்களில் கொடுத்திருந்த எல்லா முகவரியும் அந்தச் சப்டொமைன்தான். கணக்கு திரும்பக் கிடைத்தது என்றாலும் அதற்குள் விளம்பரங்கள் செத்த பக்கத்துக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. பக்கத்தை எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள், முகவரி மட்டும் உங்கள் பெயரில் வாங்கிய டொமைனாக இருக்கட்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இலவச சப்டொமைன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏமாற்றுக்காரர்களும் அதே இடத்தில்தான் பக்கம் போடுகிறார்கள், அதனால் சமூக ஊடகங்களும் மின்னஞ்சல் வடிகட்டிகளும் அந்த முகவரிகளைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

ஸ்டாட்டிக் என்று முடிவு செய்த பிறகு எங்கே வைப்பது? இங்கேதான் நிறையப் பேர் விதிமுறைகளைப் படிக்காமல் போகிறார்கள். கிட்ஹப் பேஜஸ் இலவசம், நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இணைய வியாபாரம் நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங்காக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வெர்செல்லின் இலவசத் திட்டம் சொந்த, வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். எது வணிகம் என்பதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணங்களில் அஃபிலியேட் லிங்க்கையே முக்கிய நோக்கமாகக் கொண்ட தளமும் வருகிறது, அதாவது நம்மைப் பெயர் சொல்லியே வெளியே நிறுத்துகிறார்கள். கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இலவசத் திட்டத்தில் ஸ்டாட்டிக் கோப்புகளுக்கு டிராஃபிக் வரம்பு கிடையாது, மாதம் 500 பில்ட் (தளத்தை மறுபடி தயாரித்து ஏற்றுவது), ஒரு தளத்தில் 20,000 கோப்புகள், ஒரு கோப்பு அதிகபட்சம் 25 மெகாபைட் என்பதுதான் எல்லை. லேண்டிங் பேஜ் போடுபவர் அந்த எல்லையின் அருகில்கூடப் போக மாட்டார். இந்த விதிகளும் எல்லைகளும் அடிக்கடி மாறும், ஆகவே போடும் அன்று அவர்களுடைய பக்கத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். எந்த ஹோஸ்டிங்காக இருந்தாலும் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து "அஃபிலியேட்", "கமர்ஷியல்" என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்ட் ஹோஸ்டிங் வேர்ட்பிரஸுக்குத் தொடக்கத்தில் போதும். முதல் வருட விலையைப் பார்த்து முடிவு செய்யாமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். விபிஎஸ் (தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், சர்வர் பராமரிப்பு உங்களுக்குப் பிடித்த வேலையாக இருந்தால் மட்டும். பேட்ச் போடுவது, பேக்கப் எடுப்பது, சான்றிதழ் புதுப்பிப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும், லேண்டிங் பேஜ் எழுத உட்கார வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும்.

வேகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஸ்லோ 4ஜி என்று வைத்து, கேஷை அணைத்துவிட்டு உங்கள் பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். சாதாரண மொபைலில் ஒருவர் அனுபவிப்பது ஏறக்குறைய அதுதான். முதலில் வெள்ளைத் திரை. அப்புறம் எழுத்து இல்லாமல் பின்னணி நிறம் மட்டும். ஃபான்ட் வந்ததும் எழுத்து தோன்றும். படிக்கத் தொடங்கும்போது மேலே ஒரு படம் வந்து விழுந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும், விரல் பட்டனுக்குப் போன நேரத்தில் பட்டன் அங்கே இருக்காது. கூகுள் இதை மூன்று அளவுகளாகப் பிரித்திருக்கிறது. திரையில் தெரியும் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் வர வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் பக்கம் அசைய வேண்டும், உள்ளடக்கம் நகர்வதன் மதிப்பு 0.1ஐத் தாண்டக் கூடாது. இரண்டாவதாகச் சொன்ன ஐஎன்பி 2024 மார்ச்சில்தான் பழைய அளவுகோலுக்குப் பதிலாக வந்தது. வருகைகளில் நான்கில் மூன்று பங்காவது இந்த அளவுக்குள் அமைய வேண்டும் என்பது கணக்கு, உங்கள் புது மொபைலில் வேகமாகத் திறப்பது கணக்கில் வராது.

சரிசெய்வதும் கடினமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எச்டிஎம்எல்லிலேயே அகலமும் உயரமும் எழுதிவிட்டால் பிரவுசர் இடத்தை முன்பே ஒதுக்கி வைக்கும், குதிப்பது நின்றுவிடும். படத்தை வெப்பி அல்லது ஏவிஐஎஃப் வடிவத்துக்கு மாற்றுங்கள். லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) நல்லது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு மேலே தெரியும் முதல் படத்துக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள், அது படத்தைத் தாமதப்படுத்தும், கீழே இருக்கும் படங்களுக்கு மட்டும் போடுங்கள். தமிழில் பக்கம் எழுதினால் ஃபான்டில் கூடுதல் கவனம் வேண்டும், ஒரே குடும்பத்தில் நான்கு தடிமன்களை இறக்காமல் ஒன்றோ இரண்டோ போதும் என்று வையுங்கள், மொபைலில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவே போதும் என்றால் அது இன்னும் நல்லது. புதிதாக இணைப்பு தொடங்கும்போது சர்வர் வழக்கமாக முதல் சுற்றில் அனுப்புவது 14 கிலோபைட் அளவுதான். உங்கள் எச்டிஎம்எல்லும் உள்ளே எழுதிய சிஎஸ்எஸ்ஸும் சுருக்கிய நிலையில் அதற்குள் அடங்கிவிட்டால் முதல் சுற்றிலேயே படிக்க ஏதோ ஒன்று திரையில் வந்துவிடும். ஸ்டாட்டிக் பக்கத்தில் இது சாத்தியம். பில்டரில் கட்டிய பக்கத்தில் இந்த அளவுக்கு இறங்கி வேலை செய்ய விட மாட்டார்கள்.

இப்போது லிங்க். என்னைப் பொறுத்தவரை முழு அமைப்பிலும் அதிக அக்கறை காட்ட வேண்டிய இடம் இதுதான், ஆனால் பில்டர்களை ஒப்பிடும் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. விற்பவர் கொடுத்த நீளமான லிங்க்கைப் பட்டனில் நேராக ஒட்டினால், அவர் அஃபிலியேட் நெட்வொர்க் (விற்பவருக்கும் நமக்கும் இடையில் கமிஷனைக் கணக்கிடும் நிறுவனம்) மாறும்போதும் லிங்க்கை மாற்றும்போதும் அது இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வீடியோ விளக்கத்தையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். அதற்குப் பதில் உங்கள் டொமைனிலேயே, கோ (/go/) என்று ஒரு சாய்கோட்டுப் பாதை வைத்து, அதற்குப் பின் பொருளின் பெயரைப் போட்டு, அங்கிருந்து விற்பவரின் லிங்க்குக்குத் திருப்பிவிடுங்கள். கிளவுட்ஃபிளேர் பேஜஸிலும் நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங்கிலும் இதற்கு _redirects என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு போதும். ஒரு வரிக்கு மூன்று விஷயம்: உங்கள் குறுகிய பாதை, போய்ச் சேர வேண்டிய முகவரி, அப்புறம் 302 என்ற எண். அந்த எண்ணை எழுதாமல் விடாதீர்கள். எழுதாவிட்டால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் 302 என்றும் நெட்லிஃபை 301 என்றும் எடுத்துக்கொள்ளும். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது என்று பொருள், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் பிறகு லிங்க்கை மாற்றினாலும் ஏற்கெனவே ஒருமுறை வந்தவர் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம். 302 தற்காலிகம், ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போகும்.

ஆனால் எல்லா நெட்வொர்க்குக்கும் இந்தத் திருப்பிவிடல் சரிப்படாது. அமேசான் அசோசியேட்ஸில் லிங்க் அமேசானுக்குப் போகிறது என்பதைப் பார்ப்பவரிடம் மறைக்கக் கூடாது, எந்தத் தளத்தில் இருந்து கிளிக் வந்தது என்பதை அமேசானிடமும் மறைக்கக் கூடாது. அதற்கு மட்டும் நேரடி லிங்க்கையே வைத்துவிடுங்கள். விலையையும் பக்கத்தில் கையால் எழுதி வைக்காதீர்கள், அங்கே விலை எப்போது வேண்டுமானாலும் மாறும், அவர்கள் தரும் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் இணைப்பு) வழியாக வந்த விலையைத்தான் காட்டலாம். ஸ்டாட்டிக் பக்கத்தில் அதற்கு எளிய வழி விலையைப் பற்றிப் பேசாமல் "இப்போதைய விலையைப் பாருங்கள்" என்று பட்டனில் எழுதுவதுதான். லிங்க்கில் ஸ்பான்சர்ட் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள், கூகுள் 2019ல் இதை அறிமுகப்படுத்தியது, கமிஷன் லிங்க் என்று தேடுபொறிக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். நோரெஃபரர் என்ற இன்னொரு குறிப்பு சில டெம்ப்ளேட்டுகளில் தானாகவே இருக்கும். அது இருந்தால் கிளிக் எங்கிருந்து வந்தது என்ற தகவல் விற்பவருக்குப் போகாது, சில நெட்வொர்க்குகளில் அதனாலேயே கேள்வி வரும். பார்த்து எடுத்துவிடுங்கள்.

எந்தப் பக்கத்தின் எந்தப் பட்டனில் விற்பனை வந்தது என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் சப் ஐடி என்ற வசதி தருகின்றன. மேல் பட்டனுக்கு ஒன்று, கீழ்ப் பட்டனுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று வெவ்வேறு அடையாளம் போட்டால் அவர்களுடைய அறிக்கையிலேயே பிரித்துக் காட்டும். இது இலவசம், ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். குக்கீயை (பிரவுசரில் தளம் வைக்கும் சிறு அடையாளக் குறிப்பு) நம்பி நீங்களே டிராக் செய்வது வரவரப் பலவீனமாகிக்கொண்டு வருகிறது. சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்பு குக்கீயை முழுக்கத் தடுக்கிறது, அதற்கும் முன்பே ஜாவாஸ்கிரிப்ட் போடும் சொந்த குக்கீயின் ஆயுளையும் 7 நாளாகக் குறைத்துவிட்டது. குரோம் தானும் தடுக்கப்போவதாகச் சொல்லி 2024ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர் இன்று படித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாங்கினால் உங்கள் கணக்கில் வராமல் போகும் வாய்ப்பு அதிகம். பெரிய அளவில் விளம்பரம் ஓட்டும் நிலைக்கு வரும்போது சர்வருக்கும் சர்வருக்கும் இடையே நேராகப் பேசிக்கொள்ளும் போஸ்ட்பேக் முறையையும், அதற்கான டிராக்கர் சேவைகளையும் பார்க்கலாம். அதுவரை சப் ஐடி போதும்.

ஏ/பி டெஸ்ட் வசதிக்காகவே பில்டர் வாங்கப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் பக்கத்தில் 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய தலைப்பால் அது 2.4 ஆக உயர்ந்திருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால், வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 21,000 பேர் வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 42,000. தொடக்கத்தில் அத்தனை பேர் எங்கே வரப்போகிறார்கள்? 500 பேர் பார்த்த பிறகு "பச்சைப் பட்டன் ஜெயித்துவிட்டது" என்று கருவி காட்டும் அம்புக்குறியை நம்பி முடிவெடுப்பது பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான். குறைந்த டிராஃபிக்கில் சோதிக்க வேண்டுமானால் பட்டன் நிறத்தை விட்டுவிட்டு, பேசும் பொருளையே, யாருக்காகப் பேசுகிறோம் என்பதையே மாற்றிப் பாருங்கள். பெரிய மாற்றத்தின் விளைவுதான் சிறிய எண்ணிக்கையிலும் தெரியும். இன்னொன்று, கூகுள் ஆப்டிமைஸ் என்ற இலவசச் சோதனைக் கருவியைப் பலர் நம்பியிருந்தார்கள், 2023 செப்டம்பர் 30ல் அதை மூடிவிட்டார்கள். எவ்வளவு பெரிய நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் அது இல்லாமலும் உங்கள் பக்கம் நிற்க வேண்டும்.

கமிஷன் வாங்குகிறேன் என்பதைப் பக்கத்தின் மேலேயே, முதல் லிங்க்குக்கு முன்னாலேயே எழுதுங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் போடுவதை ஏற்க முடியாது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதிகள் தெளிவாகக் கண்ணில் படும்படி சொல்லச் சொல்கின்றன, அமேசான் தன் பங்குக்கு ஒரு குறிப்பிட்ட வாசகத்தையே போடச் சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் பணம் செலவழிக்கப் போகிறார், உங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே வாங்குபவர்தான் அடுத்த முறையும் உங்களிடம் வருவார்.

டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை வேறொரு நிறுவனத்திலும் வைப்பதுதான் என் வழக்கம். ஹோஸ்டிங்கோடு டொமைன் இலவசம் என்று கொடுப்பார்கள், ஆனால் ஹோஸ்டிங் நிறுவனத்தோடு தகராறு வரும் அன்று டொமைனும் அவர்களிடமே மாட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் பதிவு செய்த டொமைனைப் பொதுவாக முதல் 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. டொமைன் தனியாக இருந்தால் டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) பதிவை மாற்றி அன்றே வேறு இடத்துக்குப் பக்கத்தைக் கொண்டுபோய்விடலாம். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன்.

இடம் மாற்றும் நாள் வந்தால் வரிசையாகச் செய்யுங்கள். இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள், அப்போது மாற்றம் எல்லோருக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். புதிய இடத்தில் பக்கத்தை ஏற்றி, அவர்கள் தரும் தற்காலிக முகவரியில் ஒவ்வொரு பட்டனையும் மொபைலில் அழுத்திப் பாருங்கள், ரீடைரக்ட் வேலை செய்கிறதா, சப் ஐடி கடைசி முகவரி வரை ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். விளம்பரங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு டிஎன்எஸ் பதிவை மாற்றுங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் புதிய இடத்தில் வந்துவிட்டதை உறுதி செய்த பிறகுதான் விளம்பரத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும், சான்றிதழ் இல்லாத பக்கத்தைப் பிரவுசர் பாதுகாப்பற்றது என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பிவிடும். பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாதீர்கள். அங்கே சர்வரின் வருகைப் பதிவுகளில் ஆட்கள் வருவது முழுக்க நின்ற பிறகு, பக்கத்தின் ஒரு நகலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் கணக்கை மூடுங்கள்.